கூழாங்கல் புழு

5-8-69, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் இருக்கிறது, மழை இல்லை. துவைத்த துணி காயவும் இல்லை, நனையவும் இல்லை.

மொழிபெயர்ப்பு வேலை தொடங்கியாயிற்று. சிந்தாதிரிப்பேட்டைப் பதிப்பகம் ஒன்று கொடுத்தது. பிள்ளைகளுக்கான ஆங்கிலப் புத்தகம், விலங்குகளுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர்கள் எப்படி வந்தன என்று. பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த மாதக் கடைசிவரை லீவு. பிரசவ லீவு. பிள்ளை இல்லை, லீவு மட்டும் இருக்கிறது. சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல்.

இன்று முடித்தவை:

காண்டாமிருகம். கிரேக்கத்தில் ‘மூக்குக் கொம்பு’. சுலபம்.

நீர்யானை. அவர்களுக்கு அது ‘ஆற்றுக் குதிரை’. நமக்கு யானை. படத்தைப் பார்த்தால் எருமை. யாருமே சரியாகப் பார்க்கவில்லை.

அணில். ‘நிழல் வால்’. தன் வாலின் நிழலிலேயே உட்காருமாம். இது நல்ல பெயர். வைத்தவன் ஒரு மத்தியானம் முழுக்க வேலை இல்லாமல் இருந்திருப்பான்.

வத்தக்குழம்பு, அப்பளம். வீட்டுக்காரருக்கு இரண்டாம் ஷிப்ட். ஃபாக்டரியில் லேத் ஓட்டும் டர்னர்களுக்கு இந்த வாரம் முழுக்க அப்படித்தானாம். தட்டை மூடி வைத்துவிட்டேன்.

6-8, புதன்

குழாயடியில் கூட்டம். நான் குடத்தோடு வருவதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சரம்மா இன்னா நாள் பூரா எழுதிகினே கீது?”

“எழுதட்டும் உடு. அழுவாம கீதே, அதான் பயமா கீது எனுக்கு.”

இரண்டாவது குரல் கன்னியம்மா. பக்கத்துப் போர்ஷன். போன மாதம் பால் கட்டிக்கொண்டு நான் துடித்தபோது மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து மார்பில் வைத்துக் கட்டியவள் இவள்தான். பால் வற்றிவிட்டது. மல்லிகை வாசனை இன்னும் பிடிக்கவில்லை. அழுகை வரவில்லை என்பது உண்மை. வந்தால் அழமாட்டேன் என்று நானா சொன்னேன்?

தபாலில் அண்ணன் கடிதம், ஜோலார்பேட்டையிலிருந்து. ஆடி முடியட்டும், ஆவணி ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிப் போகிறேன், பெட்டி கட்டி வை, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு என்று எழுதியிருக்கிறான். கடைசியில், இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று ஒரு வரி. வேலைக்குச் சொல்லி வைத்தால் அது ‘போய்விட்டு வருவது’ இல்லை. டர்னருக்கு டீச்சரா என்று கல்யாணப் பேச்சின்போதே கேட்டவன். இப்போது அவனுக்கு வாய்ப்பு.

இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே படித்தார்.

“போறியா?”

“ம்.”

“செரி.”

அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு இப்போது இவ்வளவு பேச்சுதான் செலவாகிறது.

7-8, வியாழன்

முதலையில் மாட்டிக்கொண்டேன்.

புத்தகம் சொல்வது இது. கிரேக்கத்தில் ‘க்ரோக்கே’ என்றால் கூழாங்கல். ‘த்ரிலோஸ்’ என்றால் புழு. சேர்த்தால் கூழாங்கல் புழு. சொல்லச் சொல்ல நடுவில் இருந்த ஒரு ‘ர’ உதிர்ந்து ‘க்ரோக்கோதிலோஸ்’ ஆகிவிட்டது. இவர் வீட்டை ‘ஊடு’ என்பது போல. இதுதான் பிறப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது, அறிஞர்களுக்குள் சந்தேகம் உண்டு என்றும் போட்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பெயர் முதலில் முதலைக்கு இல்லையாம். கிரேக்கர்களின் ஊரில் கற்சுவர்களில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்த ஒரு சின்னப் பிராணிக்கு. பிறகு அவர்கள் எகிப்துக்குப் போனார்கள். ஆற்றில் இவ்வளவு பெரிய ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்கு அவர்களிடம் வார்த்தை இல்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்குமே அது போல இருக்கிறது என்று அந்தப் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள்.

இதுவரை சிக்கல் இல்லை. அந்தச் சின்னப் பிராணிக்குத் தமிழில் என்ன எழுதுவது? ஆங்கிலத்தில் ஒரே பொதுச் சொல் போதும். நம்மிடம்,

பல்லி

ஓணான்

அரணை

உடும்பு

பொதுப்பெயர் கிடையாது. எது என்று தெரியாமல் தமிழில் வாயைத் திறக்க முடியாது.

ஓணான் என்று எழுதினேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்த மறுநாள். மயக்கம் பாதி தெளிந்து கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இவர் தன் அக்காவிடம் சொன்னார்: “பல்லி மாரி கீதுக்கா.”

ஏழு மாதத்தில் பிறந்த என் பையனைத்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. எழுந்து உட்கார முடிவதற்குள் எல்லாம் முடிந்து, எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். அவனைப் பற்றி எனக்கு வந்து சேர்ந்த ஒரே செய்தி அதுதான். சுவரில் ஊர்வது போல ஒன்று. பெற்றவர் வாயிலிருந்து.

நான் கேட்டுவிட்டேன் என்று இவருக்குத் தெரியாது. இனி தெரிந்து என்ன?

8-8, வெள்ளி

ஆடி வெள்ளி. எங்கள் முத்தாபுதுப்பேட்டை முழுக்க ஒலிபெருக்கி. தெருமுனையில் கூழ் ஊற்றினார்கள். ஒரு செம்பு வாங்கி வந்தேன். குடித்தேன். உப்பு இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது.

கன்னியம்மா திருவேற்காடு போய்விட்டு வந்து குங்குமம் வைத்துவிட்டாள். “அம்மாகிட்ட வேண்டிகினு வந்துகீறேன். அட்த்த ஆடிக்கு உன் மடில ஒண்ணு கீணும்னு.” சொல்லி வாய் மூடவில்லை, பரண் பக்கமிருந்து பல்லி சத்தம் கொடுத்தது. அவள் உடனே தரையில் விரலை மடக்கித் தட்டினாள். “பாரு பாரு, பல்லியே சொல்லிட்ச்சி!”

அவள் போனபின் துடைப்பத்தை எடுத்து அதை விரட்டினேன். வாலை உதறிவிட்டு ஓடிப்போயிற்று. வால் மட்டும் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பிறகு முறத்தில் வாரிப் போட்டேன்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

10-8, ஞாயிறு

சாயந்திரம் நல்ல மழை. சமையலறை மூலையில் ஒழுகல். இவர் மேலே ஏறி ஓட்டை மாற்றினார். இறங்கும்போது முழங்கையில் சிராய்ப்பு. “என்ன ஆச்சு?” என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் டப்பாவை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

இன்று பச்சோந்தி. கிரேக்கத்தில் அதற்குப் பொருள் ‘தரைச் சிங்கம்’. எங்கள் தலைமையாசிரியை ஞாபகம் வந்தது. எந்த அர்த்தத்தில் என்பதை இங்கேகூட எழுதமாட்டேன்.

இவர் என் பின்னால் வந்து நின்று புத்தகத்தில் இருந்த படங்களைப் பார்த்தார். கை ஈரமாக இருந்ததால் தொடவில்லை.

“மொதலயா அது?”

“ம்.”

“அதுக்கு இன்னா பேர் சொல்றான்?”

“ஏதோ சொல்றான்.”

பாயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அங்கேதான் படுக்கை. காற்று வருகிறதாம். இன்று சாரலும் வரும்.

13-8, புதன்

பதிப்பகத்துக்குப் போய்வந்தேன். ஆவடியில் வண்டி ஏறும்போதே ஜன்னலோர இடம். ஜன்னலோரம் என்றால் கண்ணில் கரி. எதிர் சீட்டில் இரண்டு பேர், அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆட்கள்:

“இன்னா மாமே, கொயந்த எப்டி கீது?”

“ஜோரா கீது மச்சான். நைட்டு பூரா கத்திகினு கீறான். ஒரு பொட்டு தூக்கம் இல்ல.”

அம்பத்தூரில் இறங்கினார்கள். தூக்கம் இல்லை என்பதை எவ்வளவு பெருமையாகச் சொல்கிறான்.

பதிப்பகத்து ஐயா வயதானவர், வேட்டி, மூக்குப்பொடி. தாள்களை நின்றுகொண்டே படிப்பார். பரவாயில்லை, நன்றாக வந்திருக்கிறது என்றார். முதலையில் நின்றார்.

“ஏம்மா, வீட்டுச் சுவர்னு எழுதிட்டு ஓணான்னு போட்டிருக்கீங்களே. வீட்டுச் சுவர்ல ஏது ஓணான்?”

“கிரேக்கத்துல அது தோட்டத்துக் கற்சுவருங்க. வெயில்ல காயிற பிராணி. ஓணான்தான் பொருத்தம்.”

“பொருத்தம்தான், யார் இல்லேன்னா? ஆனா அவன் வீட்டு நினைப்புல வெச்ச பேரு இல்லையா? நம்ம பிள்ளைக்கு வீடுன்னா பல்லி. பல்லின்னு போடுங்க, சட்டுனு புரியும்.”

பேனாவையும் நீட்டினார், இங்கேயே மாற்றிவிடுங்கள் என்று. கண்ணாடி கொண்டுவரவில்லை, வீட்டில் போய் மாற்றித் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். நான் கண்ணாடி போடுகிறவளே இல்லை.

திரும்பும்போது வண்டியில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது.

15-8, வெள்ளி

கொடியேற்றம். இவர் ஃபாக்டரியிலிருந்து மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்தார். இரண்டு பேர் வீட்டில் ஒரு பொட்டலம் மிட்டாய் யார் தின்பது? கன்னியம்மா வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று.

பெட்டி கட்டினேன்.

புடவைகள், நல்லது பழசு இரண்டும்

சர்டிபிகேட்டுகள்

ஆங்கில அகராதி

சீயக்காய் டப்பா

தொட்டில் கட்ட அம்மா கொடுத்த பழைய சுங்குடி

கடைசியதை எடுத்து வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். பிறகு அடியில் வைத்தேன். போகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. இங்கேயும் இல்லை.

பெட்டி மூடவில்லை, கீல் துருப்பிடித்திருந்தது. இவர் பார்த்துவிட்டு எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து இரண்டு கீலுக்கும் விட்டு, நாலு தடவை திறந்து மூடிக் காட்டினார்.

“இப்ப பாரு. நைஸா மூடுது.”

போகிறவளுக்குப் பெட்டியைச் சரிசெய்து கொடுக்கும் மனிதர். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, எண்ணெய் மட்டும் வருகிறது. கோபம் வந்தது. அந்த மட்டுக்கு ஏதோ ஒன்று வந்ததே என்று இருந்தது.

16-8, சனி

ஒன்றும் இல்லை. புளியைக் கோது நீக்கி ஜாடியில் போட்டேன். இவருக்குத் தனியாகச் சமைக்கத் தெரியாது. ரசத்துக்கு எவ்வளவு புளி என்று ஒரு உருண்டை உருட்டி மேலே வைத்திருக்கிறேன்.

முதலைத் தாள் அப்படியே கிடக்கிறது. போகிற வழியில் தபாலில் போட வேண்டும். ஒரு வார்த்தையை அடித்து ஒரு வார்த்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். மூன்று எழுத்து. கை போகவில்லை.

17-8, ஞாயிறு. ஆவணி 1

காலை வண்டியில் அண்ணன் வந்தான். எனக்குத் திராட்சை, இவருக்கு ஒரு வேட்டி. வேட்டியைக் கொடுக்கும்போதே கணக்குத் தீர்ப்பது போலத்தான் கொடுத்தான். இட்லி சாப்பிட்டான். மத்தியான வண்டிக்குப் போய்விடலாம் சரோ, அதுக்குள்ள ஸ்டேஷன் பக்கம் போய்க் கிராப்பு வெட்டிக்கிட்டு வந்துடறேன் என்று கிளம்பினான்.

நான் முதலைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். இந்த ஒன்றரை மாதத்தில் என் எதிரே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“போறதுக்கு முந்தி, இன்னா எழுதினேன்னு படிச்சி காட்டேன். அந்த மொதல.”

மறுக்கத் தோன்றவில்லை. படித்தேன். கூழாங்கல், புழு, கற்சுவர், எகிப்து. தங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஓணானின் பெயரை அந்தப் பெரிய பிராணிக்கு வைத்தார்கள் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஊட்டு சுவத்துல ஏது ஓணான்? ஓணான் வேலில கீறது. பல்லின்னு போடு.”

“போட மாட்டேன்.”

“ஏன்?”

“அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன்.”

“அதான் ஏன்றேன்?”

சொல்லிவிட்டேன். “அது நீங்க சொன்ன வார்த்தை. ஆஸ்பத்திரியில. உங்க அக்காகிட்ட, என் பிள்ளையப் பார்த்துட்டு வந்து. நான் திரைக்கு இந்தப் பக்கம் முழிச்சிக்கிட்டுதான் படுத்திருந்தேன்.”

இவர் முகம் எப்படி ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. சட்டென்று எழுந்தார். கத்தினார். இந்த மனிதர் கத்தி நான் கேட்டதில்லை.

“அந்த கிரேக்கக்காரங்க சொன்னா புக்குல போட்றாங்க! நான் சொன்னா நீ மூஞ்சி பாத்து பேசமாட்டேன்ற!”

கன்னியம்மா ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது.

“சின்னதா கீதுன்னா சொன்னேன்? அசிங்கமா கீதுன்னா சொன்னேன்? நர்சம்மா உள்ள உட்டாங்க. தொட்டுப் பாருன்னாங்க. எனுக்கு பயம். ஒரே ஒரு வெரலதான் கிட்ட கொண்டு போனேன். புடிச்சிகினான். பல்லி சுவத்த புடிச்சிகினு கீதே, தலகீழா கூட, உழாம, அந்த மாரி. உடவே இல்ல சரோ. நர்சம்மா வந்து ஒவ்வொரு வெரலா பிரிச்சி எட்த்தாங்க. அத்த அக்காகிட்ட சொல்ல எனுக்கு வேற இன்னா தெரியும்? நான் அந்த மாரி புடி வேற எங்க பாத்துகீறேன்?”

பிடித்தானா? என் பிள்ளை எதையாவது பிடித்திருக்கிறானா? நான் அதை நினைத்தே பார்த்ததில்லை. அவன் படுத்திருந்தான், போனான் என்றுதான் இத்தனை நாளும்.

“எந்த விரல்?” என்று கேட்டேன்.

வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். இரும்புத்தூள் ஏறிக் கறுத்த விரல். நகத்தோரம் வெடிப்பு. நான் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது. வாயைப் பொத்தவில்லை. இவரும் அழுதார். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அண்ணன் கிராப்போடு வாசலில் வந்து நின்றான். பவுடர் கழுத்தெல்லாம். “என்ன ஆச்சு? என்ன மாப்ள, என்ன பண்ணீங்க அவளை?” நான்தான் சொன்னேன், நீ மட்டும் போ அண்ணா என்று. கொஞ்சம் சத்தம் போட்டான். அண்ணன் என்றால் போடத்தான் செய்வான். தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். மத்தியான வண்டியைப் பிடித்துவிட்டான்.

தாளை எடுத்தேன். ஓணானை அடித்துவிட்டுப் பல்லி என்று எழுதினேன். நாளைக்குத் தபாலில் போட வேண்டும்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. இவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரம் பிடித்திருந்தான், இறுக்கமாகவா என்று மறுபடி கேட்டேன்.

“எத்தினி வாட்டிதான் சொல்றது?” என்றார். சொன்னார்.